தீயில் வெட்டியது, நீரில் வெட்டியது

மலேசியாவின் கூலாயில் நான் வேலை பார்க்கும், இரும்புத் தகடு வெட்டும் லேசர் பட்டறையில், ஒரே ஒரு துண்டு வெட்டிக்கொள்ள வருகிறவர்களை எங்கள் தவுக்கேவுக்குப் பிடிக்காது. மொத்தமாக ஆர்டர் கொண்டுவருகிறவருக்கு அந்த முதலாளி தன் கையாலேயே காப்பி கலந்து கொடுப்பார். ஒற்றைத் துண்டுக்காரர் வாசலில் தெரிந்தால் உடனே யாருக்கோ போன் செய்ய ஆரம்பித்துவிடுவார். அப்படி வருகிறவர்களைக் கவனிக்கும் பொறுப்பு முன்மேசையில் இருக்கும் என்னிடம் வந்து சேர்ந்தது. உடைந்த வாசல்கதவுக் கொண்டி, தையல் இயந்திரத்தின் ஏதோ ஒரு தகடு, எங்கும் கிடைக்காத பழைய மோட்டார் பாகம் என்று எதையாவது கொண்டுவருவார்கள். நான் அளந்து, கணினியில் வரைந்து, உள்ளே அனுப்புவேன்.

அதற்கு முன் ஏழு வருடம் சிங்கப்பூரில் வரைபட வேலை செய்தேன். விடியுமுன் எல்லைப் பாலம் தாண்டி, இருட்டிய பின் திரும்பி வந்த வாழ்க்கை. மகள் பிறந்ததும் அதை விட்டேன். கூலாயில் இந்த வேலை கிடைத்தபோது, இதெல்லாம் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலை என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் தப்பு செய்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பட்டறை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி வந்து, "அக்காவால எறங்க முடியாது. நீங்க கொஞ்சம் வெளிய வர முடியுமா?" என்று கேட்டார். போனேன். முன்சீட்டில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கால்கள் மெலிந்து மடங்கியிருந்தன. தோளும் கையும் மட்டும் நீச்சல்காரர்களுக்கு இருப்பதுபோல் திரண்டிருந்தன. மடியில் அரிசிச் சாக்கில் சுற்றிய பெரிய வட்டமான ஒன்று.

அவர் ரெங்கத்தில் கைத்தொலைபேசி பழுதுபார்க்கும் சிறு கடை வைத்திருந்தார். பிறவியிலேயே நடக்க முடியாதவர். வீட்டிலிருந்து கடைக்கு, கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில்தான் போய் வருவார். அந்த வண்டியை ஒருவர் அவருக்கென்றே செய்து கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போய்விட்டார். அதற்கு உதிரிபாகம் எந்தக் கடையிலும் கிடையாது.

"கிராங்க் வளைஞ்சுக்கிட்டே இருக்கு, தங்கச்சி," என்றார். கைப்பிடிக்கும் அச்சுக்கும் நடுவில் இருக்கும் ஒரு சாண் நீள இரும்புத் தண்டைத்தான் அவர் கிராங்க் என்றார். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. "ரெண்டு தடவ வேற இரும்புல செஞ்சு போட்டாச்சு. மேடு ஏறும்போது என் கை பலத்துக்கு அது தாங்க மாட்டேங்குது."

சாக்கைப் பிரித்தார். பழைய மர ஆலையில் ஓடிய வட்ட ரம்பத்தின் பாதி. ஆறு மில்லிமீட்டர் தடிமன். பற்கள் தேய்ந்திருந்தாலும் தகடு கண்ணாடி மாதிரி சமமாக இருந்தது. விரலால் சுண்டிக் காட்டினார். மணி போலக் கேட்டது.

"இது வளையாது. வளைஞ்சாலும் திரும்பி நிமிந்துக்கும். இதுல வெட்டிக் குடுங்க." அடுத்தபடி ஒரு கேள்வி கேட்டார். "தண்ணியாலயும் இரும்பு வெட்டுவாங்களாமே. போன்ல பாத்தேன். எனக்கு எது நல்லது, லேசரா, தண்ணியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே வரும் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. "வாட்டர்ஜெட்டுக்கு பாசிர் கூடாங் போகணும் அக்கா. ஒரு துண்டுக்கெல்லாம் அவங்க சீக்கிரம் செஞ்சு தர மாட்டாங்க. இதுக்கு லேசரே போதும். நாளைக்கு வந்து எடுத்துக்கலாம்."

"போதும்னா, தாங்குமா?"

"தாங்கும் அக்கா," என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

மறுநாள் இரண்டு கிராங்குகளும் தயார். ஒரு முனையில் கைப்பிடி போல்ட்டுக்கு வட்டத் துளை, மறுமுனையில் அச்சின் சதுர முனை நுழையச் சதுரத் துளை. பழையதை அளந்து அப்படியே, நான்கு மூலையும் கத்தி முனைபோல் கூர்மையாக வரைந்திருந்தேன். லேசர் அதை அரை நிமிடத்தில் வெட்டிப் போட்டது. அளவு மயிரிழை பிசகவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார். போல்ட் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கப் பக்கத்து மோட்டார் சைக்கிள் கடைக்காரரிடம் கொடுத்தாராம். "ரெண்டு டிரில் பிட் ஒடஞ்சு போச்சு. வழுக்கிக்கிட்டே போகுதாம்."

"லேசர் வெட்டின ஓரம் கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்கும் அக்கா. கிரைண்டர் வச்சு லேசா தேய்க்கச் சொல்லுங்க, சரியாயிடும்."

அவ்வளவுதான் சொன்னேன். ஏன் கெட்டியானது என்று நான் யோசிக்கவில்லை. போலிடெக்னிக்கில் படித்தது எல்லாம் தலைக்குள் இருந்தது. கரிமம் அதிகமுள்ள எஃகைச் சூடாக்கிச் சட்டென்று குளிரவிட்டால் அந்த இடம் கண்ணாடிபோல் கடினமாகும், கண்ணாடிபோலவே விரிசல்விடும். ரம்பத் தகடு அப்படிப்பட்ட எஃகு. லேசர் என்பது தீ. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஆறு வாரம் கழித்து அவருடைய தம்பி, அன்று வேன் ஓட்டி வந்தவர், போன் செய்தார். கடைக்குப் போகும் வழியில் ஒரு மேடு. அக்கா இரண்டு கையாலும் பலமாகச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தபோது இடது கிராங்க் பட்டென்று முறிந்திருக்கிறது. பிரேக்கைப் பிடிக்கும் முன் வண்டி பின்னால் உருண்டு சாக்கடையில் சாய்ந்துவிட்டது. இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு.

"ஒங்கள திட்டறதுக்கு கூப்புடல," என்றார் தம்பி. "ஒடஞ்ச துண்ட நீங்க வந்து பாக்கணுமாம். அக்கா சொல்லச் சொன்னாங்க."

நடக்கும் எங்களுக்கு மணிக்கட்டு உடைந்தால் ஒரு கை போகும். அவருக்குக் காலும் சேர்ந்து போகும். என் கணவர், "நீ வேணும்னா செஞ்ச?" என்று கேட்டார். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் வேண்டிய அளவு கவனமும் செலுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை காடியை ஓட்டிக்கொண்டு ரெங்கம் போனேன்.

கடை என்பது மளிகைக் கடை ஓரமாக ஒதுக்கிய ஒரு மேசையும் கண்ணாடிப் பெட்டியும்தான். இடது கையில் மாவுக்கட்டோடு அவர் ஒரு போனின் திரையை வலது கையால் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "உக்காருங்க," என்று ஸ்டூலைக் காட்டினார். போன் வேலைக்கு அவர் வைத்திருந்த நுண்ணோக்கியின் அடியில் உடைந்த கிராங்கை வைத்தார். பக்கத்துத் திரையில் முறிந்த முகம் பெரிதாகத் தெரிந்தது.

"இங்க பாருங்க. இந்த மூலையில இருந்து இது வரைக்கும் கறுப்பா இருக்கு. துரு பிடிச்சிருக்கு. மிச்சம் எல்லாம் புதுசா, உப்புக்கல்லு மாதிரி மின்னுது. அன்னைக்கு ஒடஞ்சது இந்த மின்னுற எடம். கறுப்பு அதுக்கும் முன்னாடியே விரிஞ்சது. சரியா?"

சரி. மிகச் சரி. விரிசல் சதுரத் துளையின் ஒரு மூலையில் தொடங்கியிருந்தது. நான் கூர்மையாக வரைந்த மூலை. லேசர் சுட்டுக் கடினமாக்கிய ஓரம். ஒன்றைவிட ஒன்று மோசம். இரண்டும் ஒரே இடத்தில்.

"வலது பக்கத்த கழட்டிட்டீங்களா அக்கா?"

"இல்ல. அது நல்லாத்தானே இருக்கு."

"கழட்டிப் பாப்போம்."

மோட்டார் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கழற்றினோம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நுண்ணோக்கியில் வைத்ததும் இரண்டு மூலைகளில் மயிர்போல் கோடு. அக்கா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது என் தப்பு," என்றேன். "நீங்க தண்ணியானு கேட்டப்பவே நான் யோசிச்சிருக்கணும். இந்த மாதிரி இரும்புல சூடு படக் கூடாது. தெரிஞ்சும் சொல்லல."

அவர் என்னைத் தேற்றவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. திரையை அணைத்துவிட்டு, "தப்புன்னு தெரிஞ்சிருச்சு. இப்ப என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டார்.

"வாட்டர்ஜெட்ல வெட்டிக் கொண்டாரேன். சூடே படாது."

"போன தடவையும் தாங்கும்னீங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. பழுதான போனைக் கொண்டுவருகிறவரிடம் விசாரிப்பதுபோல்தான் கேட்டார். "நீங்க சொல்றத நம்பி இனிமே ஏற மாட்டேன் தங்கச்சி. காட்டுங்க. இதே ரம்பத்துல ரெண்டு துண்டு. ஒண்ணு லேசர், ஒண்ணு தண்ணி. என் கண்ணு முன்னாடி ஒடச்சுக் காட்டுங்க."

மிச்ச ரம்பத் தகட்டை மோட்டார் கடைக்காரரிடம் சொல்லி என் காடியில் ஏற்ற வைத்தார்.

திங்கட்கிழமை தவுக்கேவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். அவர் கேட்டார், "இரும்பு யாருடையது?"

"அவருடையது."

"நாம் வெட்டிய அளவு சரியா?"

"சரி."

"அப்புறம் என்ன? வாடிக்கையாளர் கொண்டுவரும் இரும்புக்கு நாம் பொறுப்பில்லை என்று ரசீதிலேயே இருக்கிறது."

"அளவு சரி பாஸ். சொன்ன ஆலோசனை தப்பு. அதை ரசீது சொல்லவில்லை, நான் சொன்னேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாப்பாட்டு நேரத்தில் லேசர் துண்டை வெட்டிக்கொள். தண்ணீர்க்காரனிடம் போவதென்றால் உன் லீவில் போ. இங்கே எனக்கு ஆள் குறையக் கூடாது."

அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. புதன்கிழமை லீவு எழுதிக் கொடுத்தேன்.

பாசிர் கூடாங்கில் அந்தப் பட்டறையை நடத்துகிறவர் ஒரு மலாய்க்காரர். வயது ஐம்பது இருக்கும். நான் போனபோது சமையலறை மேடைக்கான கருங்கல் பலகை ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையை விரித்தார். இந்த மாதம் நிரம்பிவிட்டது, ஒரு துண்டுக்காக மேசையை மாற்றிக்கட்ட முடியாது என்றார். எங்கள் தவுக்கே பேசும் பேச்சேதான். எங்கள் வாசலில் எத்தனை பேர் இதைக் கேட்டுத் திரும்பியிருப்பார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

"நீங்கள் கல்லை முடிக்கும்வரை இருக்கிறேன்," என்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். காலை போய் மதியம் வந்தது. அவர் இரண்டு முறை என்னைப் பார்த்தார். மூன்றாம் முறை வந்து, "என்ன துண்டு அது, காட்டு," என்றார்.

உடைந்த கிராங்கைக் காட்டினேன். மணிக்கட்டு பற்றிச் சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் புது வரைபடத்தைக் கேட்டார். இந்த முறை சதுரத்தின் மூலைகளை வளைத்து வரைந்திருந்தேன். துளையைச் சுற்றி இரும்பை இன்னும் அகலமாக விட்டிருந்தேன்.

"மூலையை வளைத்தது நல்லது," என்றார். "நான் நினைத்தாலும் என் மிஷின் கூர்மையாக வெட்டாது. தண்ணீர்த் தாரைக்கும் ஒரு பருமன் உண்டு. இன்னொன்று, மேல்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் சின்ன வித்தியாசம் வரும். எந்தப் பக்கம் அச்சோடு ஒட்டி உட்காரும்?"

நான் ஒரு நிமிடம் யோசித்துப் பதில் சொன்னேன். ஒரு கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்வது எவ்வளவு சின்ன விஷயம்.

"துளையைக் கொஞ்சம் இறுக்கமாகவே விடுகிறேன். அரத்தால் தேய்த்துப் பொருத்திக்கொள். உனக்கு வேகமும் மலிவும் வேண்டுமென்றால் உன் லேசரே நல்லது. மெல்லிய தகடெல்லாம் நானே உங்கள் மாதிரி இடத்துக்குத்தான் அனுப்புகிறேன். ஆனால் இது உன் மிஷினுக்கு ஏற்ற இரும்பு இல்லை."

தகட்டைத் தண்ணீர்த் தொட்டி மேல் இறுக்கிக் கட்டினார். செம்மணல் கலந்த நீர் ஊசி முனையில் சீறிக்கொண்டு இறங்கியது. அந்தச் சத்தத்தில் காது அடைத்தது. லேசர் அரை நிமிடத்தில் முடித்ததை அது ஆற அமர வெட்டியது. இரண்டு கிராங்குகள், ஒரு சோதனைத் துண்டு. எடுத்துக் கையில் கொடுத்தபோது இரும்பு ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. ஓரத்தில் கருகல் இல்லை. மணல் தேய்த்த கண்ணாடிபோல் மங்கலாக இருந்தது.

அடுத்த ஞாயிறு ரெங்கத்தில் மோட்டார் கடையில், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸுக்கு முன் மூவரும் கூடினோம்: அக்கா, கடைக்காரர், நான். இரண்டு சோதனைத் துண்டுகளும் ஒரே அகலம், ஒரே நீளம், நடுவில் மூலைகளை ஒரேபோல் வளைத்த ஒரு சதுரத் துளை.

அக்கா முதலில் அரத்தைக் கேட்டு வாங்கினார். லேசர் ஓரத்தில் வலது கையால் ஒரு இழுப்பு. அரம் கண்ணாடி மேல் போவதுபோல் வழுக்கியது. தண்ணீர் ஓரத்தில் ஒரு இழுப்பு. கரகரவென்று பிடித்தது, கொஞ்சம் தூள் உதிர்ந்தது. அவர் தூளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இப்ப வளைங்க."

லேசர் துண்டை வைஸில் இறுக்கி, அதன் மேல் நீளக் குழாயைச் செருகி, நான் இழுத்தேன். அதிகம் இழுக்கவேயில்லை. பட்டென்று முறிந்து நான் பின்னால் இரண்டடி தள்ளாடினேன். அந்தச் சத்தத்துக்கு அக்காவின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அவர் அதே சத்தத்தை மேட்டில் கேட்டவர்.

கடைக்காரர் முறிந்த பாதியை வைஸிலிருந்து கழற்றினார்.

"அடுத்தது," என்றார்.

தண்ணீர்த் துண்டு வளைந்தது. இன்னும் இழுத்தேன், இன்னும் வளைந்தது. விட்டதும் துள்ளி நிமிர்ந்தது. கடைக்காரர் தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அக்கா அதைக் கழற்றித் தன் கடைக்குக் கொண்டுவரச் சொல்லி, நுண்ணோக்கியில் நான்கு மூலையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோடு எதுவும் இல்லை.

"இத போட்டுக்கலாம்," என்றார். அவ்வளவுதான்.

கட்டுப் பிரிக்க இன்னும் சில வாரம் இருந்தது. அந்த நாட்களில் நான் முன்மேசையில் ஒரு பழக்கத்தை ஆரம்பித்தேன். யார் வந்தாலும் வரையும் முன் மூன்று கேள்வி: இது என்ன இரும்பு, எதைத் தாங்கப்போகிறது, உடைந்தால் யாருக்கு அடிபடும். மூன்றாவது கேள்விக்குச் சிலர் முறைத்தார்கள். தவுக்கேவும், "ஆளை விரட்டுகிறாயா?" என்று கேட்டார். "பத்தில் எட்டுப் பேருக்கு லேசர்தான் பாஸ் சரி. அவர்கள் எங்கும் போகப்போவதில்லை. மற்ற இரண்டு பேரை நான்தான் தண்ணீர்க்காரரிடம் அனுப்பப்போகிறேன்," என்றேன். கேள்வியை நிறுத்தச் சொன்னால் வேலையை நிறுத்திவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். அவர் சொல்லவில்லை. முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். இன்றும் முணுமுணுக்கிறார், நானும் இன்றும் கேட்கிறேன்.

கட்டுப் பிரித்து, மருத்துவமனையில் கைப்பயிற்சியெல்லாம் முடித்த பிறகு அக்கா என்னை வரச் சொன்னார். காலை எட்டு மணி. புது கிராங்குகளைப் பூட்டி, போல்ட் ஒவ்வொன்றையும் அவரே திருகிப் பார்த்தார். சமதரையில் நாலைந்து சுற்று ஓட்டினார். நிறுத்தினார். பிரேக்கைச் சோதித்தார். பிறகு வண்டியை மேட்டுப் பக்கம் திருப்பினார்.

சாக்கடை ஓரத்தில் புல் இன்னும் நசுங்கிக் கிடப்பதாக எனக்குத் தோன்றியது. அத்தனை மாதம் அப்படி இருந்திருக்க முடியாது. நான் வண்டிக்குப் பின்னால் போய் நின்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "என்ன செய்றீங்க?"

"பின்னாடியே வரேன் அக்கா. ஒருவேள..."

"அப்படி ஒருவேளன்னு நெனச்சா இத பூட்டியிருக்கவே கூடாது. போங்க. மேல போய் நில்லுங்க."

"அக்கா..."

"பின்னாடி ஆள் இருந்தா எனக்கு ஏற வராது, தங்கச்சி."

மேலே போய் நின்றேன். தம்பி கீழேயே வேனில் சாய்ந்து நின்றுகொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பயம்தான் என்று புரிந்தது.

அக்கா ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டுச் சுற்ற ஆரம்பித்தார். முதல் பாதி லேசாக வந்தது. செங்குத்தான இடத்தில் வேகம் குறைந்தது. தோள் இறுகுவது எனக்கு மேலிருந்தே தெரிந்தது. இடது கை கீழே போகும் ஒவ்வொரு முறையும் உதட்டைக் கடித்தார். வலியா, அந்தச் சத்தத்துக்கான காத்திருப்பா என்று தெரியவில்லை. போன தடவை முறிந்த இடம் வந்தது. அங்கே ஒரு கணம் வண்டி நின்றேவிட்டது. பிரேக்கைப் பிடித்தார். நான் ஓடக் கால் எடுத்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றார். பிரேக்கை விட்டு, இரண்டு கையாலும் முழுப் பலத்தையும் போட்டுச் சுற்றினார். சங்கிலி முனகியது. இரும்பு ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி ஏறியது.

உச்சிக்கு வந்ததும் நிற்பார், ஏதாவது சொல்வார் என்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவர் நிற்கவில்லை. வியர்வை வழியும் முகத்தோடு என்னைக் கடந்து போனார்.

"ஒன்பது மணிக்கு ஒருத்தர் போன் எடுக்க வர்றார்," என்ற குரல் மட்டும் முன்னாலிருந்து வந்தது. "வாங்க, டீ குடிக்கலாம்."